கேசட்டைப் பூஞ்சணம் தின்றது, சிடியை என்ன தின்றது?

போன ஐப்பசியில், மழை நசநசவென்று விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் குன்னூர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். பழைய கேசட்டுகளை கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை நான் வீட்டிலேயே வைத்துச் செய்கிறேன். அவருடைய மஞ்சப்பையில், 1993-ல் நடந்த மகள் கல்யாணத்தின் வீடியோ கேசட் இருந்தது. அதே கல்யாணத்தை 2004-ல் ஏதோ ஒரு கடையில் மாற்றி வாங்கிய மூன்று சிடிகளும் இருந்தன.

"கேசட்டு பழசு தம்பி, அது வேலைக்கு ஆகாது. சும்மா கூடவே எடுத்துட்டு வந்தேன். சிடியைப் பாத்து பென்டிரைவுல போட்டுக் குடுங்க, போதும்."

எனக்கும் அதுதான் சுலபம். முதல் சிடியைப் போட்டேன். டிரைவ் கொஞ்ச நேரம் சுற்றித் தேடிவிட்டு நின்றுவிட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பந்திக் காட்சி நாலைந்து நிமிடம் ஓடியது. அப்புறம் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிட்டன. சிடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெள்ளிப் பூச்சில் ஊசியால் குத்தியதுபோல் பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஓரத்தில் ஒரு பழுப்பு வளையம்.

கேசட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணாடி ஜன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்திருந்தது தெரிந்தது. ஆனால் கேசட்டைத் திறக்க முடியும். அடியில் ஐந்து திருகாணி. கழற்றினால் உள்ளே இரண்டு சக்கரம், சில உருளைகள், நாடா, அவ்வளவுதான். இரண்டு நாள் உலர வைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியில் மெதுவாக நாடாவை ஓட்டித் துடைத்து, வேறொரு நல்ல கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிப் போட்டேன். படம் வந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் கோடு, நடுவில் ஓரிடத்தில் நிறம் ஓடிப்போயிருந்தது. மற்றபடி முழுக் கல்யாணமும் இருந்தது. பெரியவரால் நம்ப முடியவில்லை. "புதுசு செத்துப்போச்சு, பழசு ஓடுதுங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

நம் எல்லோர் மனதிலும் இருக்கும் கணக்கு அதுதான். கேசட் பழசு, அதனால் மட்டம். டிஸ்க் புதுசு, அதனால் உசத்தி. படம் தெளிவாக இருந்ததால்தான் டிஸ்க் ஜெயித்தது என்றும் நினைத்துக்கொள்கிறோம். வரலாற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை உண்மை.

முதலில், டிஸ்க் ஒன்றும் கேசட்டுக்கு ரொம்பப் பிந்திப் பிறந்ததில்லை. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-ல் வந்தது. ஜேவிசியின் விஎச்எஸ் 1976-ல். அடுத்த இரண்டே வருடத்தில், 1978-ல், லேசரால் படிக்கும் முப்பது சென்டிமீட்டர் அகலத் தட்டு, லேசர்டிஸ்க், அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. பார்க்கக் கிராமபோன் தட்டுபோல இருக்கும். அதன் படம் விஎச்எஸ்ஸைவிட நன்றாகவே இருந்தது. ஆனாலும் அந்தச் சுற்றில் ஜெயித்தது நாடாதான். காரணம், டிஸ்க்கில் பதிவு செய்ய முடியாது. கடைக்காரர் விற்பதை மட்டும்தான் பார்க்கலாம். டிவியில் ஓடுவதைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அந்தக் காலத்து அதிசயம். பீட்டாமேக்ஸும் அதே அதிசயத்தைக் காட்டியது. ஆனால் ஆரம்பத்தில் அதன் ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். விஎச்எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு படம் முழுதாக அடங்கும் கேசட் பக்கம் சனம் போனது.

லேசர்டிஸ்க் எங்கள் மலைக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. எங்களுக்கு வீடியோ என்றால் டெக், அதாவது கேசட்டை ஓட்டும் பெட்டி. அதிலும் வாடகை டெக். தீபாவளி வந்தால், எஸ்டேட்டில் போனஸ் போட்டால், ஒரு ராத்திரிக்கு கலர் டிவியும் டெக்கும் மூன்று படமும் ஜீப்பில் ஏற்றி, எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகும். என் தாய்மாமா குன்னூரில் கேசட் கடை வைத்திருந்தார். பள்ளி விடுமுறையில் டெக்கைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்காருவது என் வேலை. எங்கள் பக்கத்துப் பள்ளங்களில் மலை மறைத்துவிடும். ஆண்டெனாவை எப்படித் திருப்பினாலும் தூர்தர்ஷன் பனிமூட்டமாகத்தான் தெரியும். அதனால் டெக் வருகிற ராத்திரிதான் டிவி ராத்திரி.

டெக்குக்குள் நடப்பது கொஞ்சம் விசித்திரமானது. கேசட்டை உள்ளே தள்ளியதும் இயந்திரம் அதன் மூடியைத் தூக்கி, நாடாவை வெளியே இழுத்து, சாய்வாக நிற்கும் ஒரு பளபளப்பான டிரம்மைச் சுற்றி அணைத்துக்கொள்ளும். நம் ஊர் டிவி முறையான 'பால்' (PAL) முறையில் அந்த டிரம் நிமிடத்துக்கு 1,500 முறை சுற்றும். நாடா நகர்வதோ நொடிக்கு வெறும் 2.34 சென்டிமீட்டர். நாடா நத்தையாக நகர, டிரம்மில் பதித்த ஹெட்டுகள் அதன்மேல் சாய்கோடுகளாகச் சீறிக்கொண்டு எழுதும். மூன்று மணி நேரக் கேசட்டில் சுமார் 250 மீட்டர் நாடா இருக்கும், தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய ஒன்றை இவ்வளவு வேகமாகச் சுழலும் உலோகத்தின்மேல் உரசவிடுகிறோம். அங்கே ஒரு துளி ஈரம் இருந்தாலும் போச்சு.

மலையில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? சமவெளிக் கடைக்காரர்களுக்குத் தூசியும் வெயிலும் எதிரி, எங்களுக்கு ஈரம். அதுவும் ஊருக்கு ஊர் வேறு மாதத்தில். கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெரிய மழை. நாடாவில் காந்தத் துகள்களை ஒட்டி வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வருடக் கணக்கில் உறிஞ்சினால் பசையே சிதைந்து பிசுபிசுக்கும். அதற்கு முன்பே பூஞ்சணம் வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் அதற்குக் கொண்டாட்டம். இதில் மோசமானது தொற்று. பூஞ்சணம் பிடித்த ஒரு கேசட்டைப் போட்டால் அது டெக்கின் ஹெட்டில் ஒட்டும். அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். கடையில் ஒன்று கெட்டால் பத்து கெடும்.

மாமா கேசட் அலமாரிக்குள் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டிருப்பார். அந்தக் கதகதப்பில் ஈரம் அண்டாது. அலமாரிக் கதவைத் திறந்தால் சூடான பிளாஸ்டிக் வாசனை ஒன்று வரும், இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூனை அந்த அலமாரியின் மேல்தட்டை விட்டு இறங்கவே இறங்காது.

குளிர்காலத்தில் இன்னொரு தொல்லை. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில், தலைக்குந்தா பக்கமெல்லாம், புல்லின்மேல் உறைபனி விழும். அந்தக் குளிரில் ஜீப்பில் போன டெக்கை, விறகடுப்பு எரிந்து கதகதப்பாக இருக்கும் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தால், வெளியிலிருந்து வந்த மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதுபோல் டிரம்மின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது கேசட்டைப் போட்டால் நாடா டிரம்மில் அப்படியே ஒட்டி, சுற்றிக்கொண்டு, கசங்கிவிடும். இதற்காகவே பல டெக்குகளில் ஈரத்தை உணரும் சின்னப் பட்டை ஒன்று வைத்திருந்தார்கள். முகப்பில் 'டியூ', அதாவது பனி, என்று விளக்கு எரியும். காயும்வரை டெக் எந்தப் பட்டனுக்கும் மசியாது. மொத்த லைனும் பாய் விரித்து உட்கார்ந்திருக்க, டெக் ஒரு மணி நேரம் மௌன விரதம் இருக்கும். டெக் ரிப்பேர் என்று மாமாவிடம் சண்டைக்குப் போனவர்கள் உண்டு. கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் புரிந்தது.

வேடிக்கை என்னவென்றால், படச்சுருள் செய்ய அரசாங்கம் தேடிப் பிடித்த ஊரும் இதே மலைதான். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பிலிம் பூசும் தொழிலுக்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று தேவை. தொழிற்சாலைக்குள் ஈரத்தை அடக்கக் குளிரூட்டும் இயந்திரம் வைக்கலாம். லைன் வீட்டில் குண்டு பல்புதான்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். 1993-ல் விசிடி, அதாவது வீடியோ சிடி, என்ற முறையை பிலிப்ஸ், சோனி, மட்சுஷிடா, ஜேவிசி நான்கும் சேர்ந்து வகுத்தன. விஎச்எஸ்ஸைப் பெற்ற ஜேவிசியும் அதில் இருந்ததைக் கவனியுங்கள். பாட்டு கேட்கும் அதே பன்னிரண்டு சென்டிமீட்டர் சிடிதான். அதில் 74 நிமிடப் படம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது ஓடவில்லை. ஆசியாவில் பிய்த்துக்கொண்டு போனது. நம் ஊரில் பிளேயர்களும் டிஸ்க்குகளும் மலிந்த பிறகு கேசட் ரேக்குகள் சில வருடங்களில் காணாமல் போயின.

படம் தெளிவாக இருந்ததாலா? விசிடியில் ஒரு காட்சி 352-க்கு 288 புள்ளி. நல்ல விஎச்எஸ் கேசட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. கோடு, நடுக்கம், படத்தைச் சீராக்க டிராக்கிங் குமிழைத் திருகும் தொல்லை இல்லை என்பது உண்மைதான். ஆனால் சண்டைக் காட்சியிலோ, மழையிலோ, கூட்டமாக ஆடும் பாட்டிலோ படம் கட்டங்களாகச் சிதறும். அந்தக் கொஞ்ச இடத்தில் அவ்வளவு அசைவையும் அடைக்க முடியாது. போதாக்குறைக்கு இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு, மூன்று டிஸ்க் மாற்ற வேண்டும். கதாநாயகன் வில்லனைத் துரத்தும்போது எழுந்துபோய் டிஸ்க் மாற்றிய தலைமுறை நாம்.

பார்ப்பவரை விடுங்கள், பிரதி எடுப்பவரின் பக்கம் போய்ப் பாருங்கள். மாமா கடையில் ஒரு கேசட்டைப் பிரதி எடுக்க இரண்டு டெக்கைக் கம்பியால் இணைத்து, படம் ஓடி முடியும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க நிறம் கரைந்துகொண்டே வரும். நாலாவது பிரதியில் கதாநாயகியின் சிவப்புப் புடவை அவளை விட்டு ஓரடி தள்ளி நடக்கும். "பிரிண்ட் எப்படி?" என்பதுதான் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி, படத்தின் பேர்கூட அப்புறம்தான். டிஸ்க்கோ, தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அழுத்தினால் சில நொடிகளில் ஒன்று விழுந்துவிடும். கடையில் கம்ப்யூட்டரில் எழுதினாலும் 52 மடங்கு வேக ரைட்டரில் நான்கு நிமிடத்துக்குள் தயார். நூறாவது பிரதியும் முதல் பிரதியும் ஒன்றுதான். கேசட்டில் பிளாஸ்டிக் கூடு, சக்கரம், ஸ்பிரிங், கால் கிலோமீட்டர் நாடா. டிஸ்க்கில் ஒரு தட்டு.

திருட்டு விசிடி தமிழ்நாட்டை மூழ்கடித்ததும் இந்தக் கணக்கால்தான். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டுக்காரர்களையும் அதில் சேர்த்தது. மாமா கடை ரேக்கில் முறையாக உரிமையோடு வந்த கேசட் எத்தனை என்று என்னிடம் கேட்காதீர்கள். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க இறங்கியது. ஒரிஜினலே டீக்கடைக் காசில் கிடைத்தால் திருட்டுப் பிரதி எதற்கு என்ற யோசனை அது. கேசட்டில் அந்த விலையை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

படத் தெளிவில் உண்மையான பாய்ச்சல் டிவிடியோடுதான் வந்தது. 1996 நவம்பரில் ஜப்பானில் வந்து, நமக்குக் கொஞ்சம் தாமதமாக எட்டியது. லேசரின் அலைநீளத்தைக் குறைத்து, கோடுகளை நெருக்கி எழுதி, ஒரு தட்டில் 4.7 ஜிபி, முழுப் படமும் ஒரே டிஸ்க்கில். 2006-ல் நீல லேசரோடு புளூரே வந்தது. அதோடு மோதிய எச்டி டிவிடியை இரண்டே வருடத்தில் தோஷிபா கைவிட்டது. எங்கள் ஊரில் புளூரே வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அதற்குள் பென்டிரைவ் வந்துவிட்டது.

இந்த மாற்றத்தில் நாம் இழந்ததைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியைக் கேசட்டில் பிடித்து வைத்த வீடுகள் உண்டு. டிஸ்க் பிளேயர் வந்தபின் பெரும்பாலான வீடுகளில் பதிவு செய்யும் பழக்கமே போய்விட்டது. கரண்ட் போனால் கேசட் நின்ற இடத்திலேயே நிற்கும். வந்ததும் அங்கிருந்தே தொடரலாம். பல விசிடி பிளேயர்கள் டைட்டில் கார்டுக்குப் போய்விடும். மழைக்காலத்தில் ராத்திரிக்கு மூன்று முறை கரண்ட் போகும் ஊரில் இது சின்ன விஷயமா?

பெரியவரின் சிடிகள் ஏன் செத்தன என்பதற்கு இப்போது வரலாம். எல்லா சிடியும் ஒன்றில்லை. தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க்கில் படம் என்பது பிளாஸ்டிக்கிலேயே பதிந்த மேடு பள்ளம். பத்திரமாக வைத்தால் நெடுநாள் இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதிய சிடியில் பள்ளமே கிடையாது. ஒரு சாயப் பூச்சின்மேல் லேசர் சூடு போட்ட தடம்தான் உண்டு. சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். அதன்மேல் இருக்கும் வெள்ளிப் பூச்சு, மேலே பூசிய மெல்லிய அரக்கு சரியில்லை என்றால், ஓரத்தின் வழியே நுழையும் ஈரத்தில் கறுக்கும். நம் கல்யாணச் சிடிகள் எல்லாமே இந்த எழுதிய வகை. இன்னொன்று, சிடியின் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறோம். படம் இருப்பதோ லேபிள் பக்கத்துக்கு நேர் கீழே. அடிப்பக்கக் கீறலை பேஸ்ட் தேய்த்தாவது ஓரளவு போக்கலாம். மேல் பக்கம் கீறினால் படமே உரிந்து வரும். மணமக்கள் பேரை மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிக் கொடுத்த ஸ்டூடியோக்கள் அறியாமல் செய்த பாவம் அது. டிவிடியில் பதிவு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு.

பூஞ்சணம் சிடியையும் விடாது. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சிடியைப் பூஞ்சை தின்றிருந்ததை ஸ்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2001-ல் எழுதினார்கள். அதிலும் அது ஓரத்திலிருந்துதான் உள்ளே போயிருந்தது.

கேசட் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். முதலில் கோடு, அப்புறம் நிறம், அப்புறம் சத்தம் கம்மும். நடுவில் பத்து மீட்டர் நாடா கசங்கினால் ஏழு நிமிடம் போகும், மீதி இருக்கும். சிடி தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். சின்னக் கீறல்களை அதன் பிழைதிருத்தும் கணக்கு மறைத்துவிடும். அதனால் கெட்டுக்கொண்டிருப்பதே நமக்குத் தெரியாது. எல்லை தாண்டிய அன்றைக்கு ஒரேயடியாக நின்றுவிடும். விசிடியில் இது இன்னும் சீக்கிரம். 74 நிமிடத்தை அடைப்பதற்காக, டேட்டா சிடியில் இருக்கும் கூடுதல் பிழைதிருத்தப் பகுதியை எடுத்துவிட்டு அந்த இடத்திலும் படத்தையே நிரப்பினார்கள்.

கேசட்டுக்கு வந்த ஆபத்து வேறு. நாடா தாங்கினாலும் ஓட்ட டெக் இல்லை. ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விஎச்எஸ் டெக் தயாரிப்பதை நிறுத்தியது. புதிதாகச் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனம் அதுதான். என்னிடம் இருக்கும் மூன்றில் இரண்டு, மூன்றாவதற்கு உதிரிபாகமாக இருக்கின்றன. எனவே பீரோவில் கேசட் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஜன்னல் வழியே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் 'ஓடுதா பார்ப்போம்' என்று டெக்கில் போடாதீர்கள். துடைத்த பிறகுதான் போட வேண்டும். கேசட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். அது இருந்தால் மேலே பதிவாகிவிடும். தாலி கட்டும் காட்சிக்கு மேல் கிரிக்கெட் பதிவாகிப்போன ஒரு கேசட்டை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அன்றைக்கு யார் ரிமோட்டை அமுக்கினார்கள் என்ற விசாரணை இன்னும் முடியவில்லை.

கேசட்டை மாற்றுவதில் குறுக்குவழி கிடையாது. மூன்று மணி நேரம் ஓடுவதை மூன்று மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். பெரியவர் மறுவாரம் வந்தபோது முழுக்க உட்கார்ந்து பார்த்தார். வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக ஆட்கள் வட்டம் கட்டி ஆடும் இடத்தில், படத்தின் மேல்மூலையில் கறுப்பாக ஏதோ ஆடிக்கொண்டே இருந்தது. நாடா கோளாறோ என்று நான் டிராக்கிங்கைத் திருகப் போனேன். "அது குடை தம்பி" என்றார். "அன்னிக்கும் இதே மழை. கேமராக்காரருக்கு நான்தான் குடை புடிச்சேன்."

பென்டிரைவையும் கேசட்டையும் பையில் வைத்துக்கொண்டார். சிடிகளைக் குப்பைக்கு எடுத்து வைத்திருந்தேன். அதையும் கேட்டு வாங்கினார். பட்டாணிச் செடிக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டால் குருவி வராதாம்.